தாங்குகிறவளும் தாங்காதவளும்

எந்த ஆஸ்பத்திரியிலும் நைட் டூட்டிக்கு ஆள் போடும்போது இந்தப் பேச்சு வந்துவிடும். "அவ தாங்குவா, போடுங்க. இவளைப் போட்டா நாலு மணிக்கே விழுந்துருவா." தாங்குகிறவள் கெட்டிக்காரி, பொறுப்பானவள். தாங்காதவளுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒட்டிக்கொள்கிற இந்தப் பெயர், வார்டு மாறினாலும் கூடவே போகும்.

நான் பல வருடம் நர்ஸாக நைட் பார்த்தவள். இப்போது இன்சார்ஜாக டூட்டி லிஸ்ட் போடுகிறேன். தாங்குவதும் தாங்காததும் எவ்வளவு தூரம் ஒருத்தியின் கையில் இருக்கிறது, எவ்வளவு தூரம் பிறக்கும்போதே அவள் உடம்பில் எழுதியிருக்கிறது என்று கொஞ்ச காலமாகத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். லிஸ்ட் போடுகிற எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

ஐசியூவில் என்னோடு நைட் பார்த்த இரண்டு பேரை முதலில் சொல்லிவிடுகிறேன். இருவரும் ஒரே ஹாஸ்டலில், ஒரே அறையில் இருந்தவர்கள். பகலில் ஒன்றாகப் படுத்து ஒன்றாக எழுந்து வருவார்கள். இரவு இரண்டு மணி வரை இருவர் வேலையிலும் ஒரு வித்தியாசமும் தெரியாது. நான்கு மணிக்குத்தான் தெரியும். பிரஷர் ஏற்றும் மருந்து ஓடுகிற பம்ப்பில் மணிக்கு எத்தனை மில்லி என்று பார்த்து சார்ட்டில் எழுத வேண்டும். ஒருத்தி பம்ப்பைப் பார்ப்பாள், எழுதுவாள், அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள். இன்னொருத்தி பம்ப்பைப் பார்த்துவிட்டு சார்ட் பக்கம் திரும்புவாள். அந்தத் திரும்பலிலேயே எண் போய்விடும். மறுபடி பம்ப்பைப் பார்ப்பாள். எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவாள். எழுதிய பிறகு ஒரு விரலைப் பம்ப்பின் எண் மீதும் இன்னொரு விரலைச் சார்ட்டின் மீதும் வைத்து ஒத்துப் பார்ப்பாள். நடுவில் போய் முகம் கழுவிவிட்டு வருவாள். ஒரு நிமிடம்கூட உட்கார மாட்டாள், உட்கார்ந்தால் கண் சொருகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். காலை ஏழு மணி ஹேண்டோவரில் பார்த்தால் பழையபடி தெளிவாகிவிடுவாள்.

வார்டில் சோம்பேறி என்று பெயர் வாங்கியவள் இந்த இரண்டாமவள். அந்த நான்கு மணியில் இருவரில் அதிகமாக உழைத்தவளும் இவள்தான். இதை அன்றைக்கே பார்த்தேன், ஆனால் சொல்ல வார்த்தை இருக்கவில்லை.

அந்த நேரத்துக்கு மட்டும் அப்படி என்ன வந்தது? 1982 இல் சூரிச்சைச் சேர்ந்த அலெக்சாண்டர் போர்பெலி சொன்ன விளக்கத்தைத்தான் தூக்க ஆராய்ச்சியில் இன்றும் அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு விஷயங்கள் சேர்ந்து நம் தூக்கத்தை நடத்துகின்றன. ஒன்று, விழித்திருக்கிற ஒவ்வொரு மணிக்கும் ஏறிக்கொண்டே போகிற தூக்க அழுத்தம். மூளை ஆற்றலைச் செலவழிக்கும்போது அடினோசின் என்ற பொருள் சேர்கிறது, தூங்கினால் குறைகிறது. இன்னொன்று, நாம் தூங்கினோமா இல்லையா என்று பார்க்காமல் தன் பாட்டுக்கு ஓடுகிற உடல் கடிகாரம். விடிகாலை நான்கு, ஐந்து மணிக்கு உடல் வெப்பம் மிகவும் இறங்கியிருக்கும், விழிப்பும் அதோடு இறங்கும். முந்தின நாளிலிருந்து விழித்திருப்பவருக்கு அழுத்தம் உச்சத்துக்கு ஏறுவதும் கடிகாரம் அடிமட்டத்துக்கு இறங்குவதும் ஒரே நேரத்தில் வந்து விழுகின்றன. காலை ஏழு மணிக்கு அவள் தெளிவானதுபோல் தெரிந்ததற்குக் காரணம் கடிகாரம் மேலே ஏறியதுதான். தூக்கக் கடன் அப்படியேதான் இருந்தது.

இது எல்லோருக்கும் பொது. அப்படியானால் ஒருத்தி தாங்குவதும் ஒருத்தி தாங்காததும் எங்கிருந்து வருகிறது? முதல் நாள் நன்றாகத் தூங்கியிருப்பாள், சாப்பிட்டிருப்பாள், மனதில் கவலை இல்லாமல் இருந்திருப்பாள் என்று காரணம் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வான் டாங்கன், டேவிட் டிங்கஸ் குழுவினர் இதைத்தான் சோதித்தார்கள். 2004 இல் வெளியான ஆய்வு அது. 21 பேரை ஆய்வகத்தில் 36 மணி நேரம் தூங்காமல் வைத்துச் சோதித்தார்கள். ஒரு தடவை இல்லை, நாள் இடைவெளி விட்டு மூன்று தடவை. அதில் ஒரு தடவைக்கு முன்பு ஒரு வாரம் இரவுக்கு 6 மணி நேரம் மட்டும் படுக்கை. மற்றத் தடவைகளுக்கு முன்பு 12 மணி நேரம். முதல் தடவை மோசமாகத் தடுமாறியவர்கள் மற்றத் தடவைகளிலும் தடுமாறினார்கள். தாங்கியவர்கள் மறுபடியும் தாங்கினார்கள். முந்தின வாரத் தூக்கம் கூடியதோ குறைந்ததோ இந்த ஆள் வித்தியாசத்தை விளக்கவில்லை. உயரம்போல, ரத்த வகைபோல, இது அந்த ஆளோடேயே இருக்கும் ஒரு குணம்.

இவர்கள் பயன்படுத்திய சோதனை மிக எளிமையானது. ஒரு சின்னத் திரை, ஒரு பட்டன், பத்து நிமிடம். திரை காலியாக இருக்கும். இரண்டு நொடியிலிருந்து பத்து நொடிக்குள் எப்போது வேண்டுமானாலும் எண்கள் ஓட ஆரம்பிக்கும். பார்த்த உடனே பட்டனை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். நன்றாகத் தூங்கியவர் கால் நொடியில் அமுக்கிவிடுவார். அரை நொடியைத் தாண்டினால் அதைத் தவறியதாகக் கணக்கு வைக்கிறார்கள். தூங்காத ஆளுக்கு எல்லாத் தடவையும் தாமதமாவதில்லை. பத்துத் தடவை சரியாக அமுக்குவார், பதினோராவது தடவை கண் திறந்திருக்கும், எண்கள் ஓடிக்கொண்டிருக்கும், கை அசையாது. அப்புறம் திரும்பவும் சரியாகிவிடுவார். நைட் பார்த்த யாருக்கும் இது புதிதாக இருக்காது. நான்கு மணியின் ஆபத்தே இந்த விட்டு விட்டு வருகிற தவறல்தான். தொடர்ந்து தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர் கண்டுபிடித்துவிடுவார். இதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அந்த நொடியில் மூளைக்குள் நடப்பதை நேரடியாகப் பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் இட்ஸாக் ஃப்ரைட் என்ற நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணரின் நோயாளிகள் சிலருக்கு, வலிப்பு எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்க மூளைக்குள் மெல்லிய மின்முனைகள் வைத்திருந்தார்கள். அவர்களில் சிலர் இரவு முழுக்க விழித்திருந்து, திரையில் வரும் படங்கள் என்ன வகை என்று சொல்ல வேண்டியிருந்தது. யுவல் நிர், ஃப்ரைட் குழுவினர் 2017 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பதில் தாமதமான தடவைகளில் தனித்தனி நரம்பு செல்களே தாமதமாகவும் பலவீனமாகவும் இழுத்து இழுத்தும் துடித்தன. ஆழ்ந்த தூக்கத்தில் வருவது போன்ற மெதுவான அலைகள் மூளையின் அந்தப் பகுதியில் மட்டும் எழுந்தன. மற்றப் பகுதிகள் விழித்திருந்தன. அதாவது ஆள் விழித்திருக்கும்போதே மூளையில் ஒரு மூலை தூங்கப் போய்விடுகிறது. "நான் தூங்கவே இல்ல சிஸ்டர், எப்படி மிஸ் பண்ணினேன்னு தெரியல" என்று அழுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை.

எரிச்சலும் இதில் சேர்த்திதான். 2007 இல் மாத்யூ வாக்கர் குழுவினர், 35 மணி நேரம் தூங்காதவர்களுக்கு மனதைத் தொந்தரவு செய்யும் படங்களைக் காட்டி ஸ்கேன் எடுத்தார்கள். பயத்தையும் கோபத்தையும் கிளப்புகிற அமிக்டலா என்ற பகுதி, தூங்கியவர்களைவிட 60 சதவீதம் அதிகமாகத் துள்ளியது. அதை அடக்கி வைக்க வேண்டிய முன்மூளையோடு அதற்கு இருந்த தொடர்பு தளர்ந்திருந்தது. ஐந்து மணிக்கு அட்டெண்டரிடம் ஒரு நர்ஸ் சுள்ளென்று பேசினாள் என்று புகார் வரும்போது இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சரி, பரம்பரைக்கு வருகிறேன். பிறவிக் குணம் என்றால் மரபணுவில் இருந்துதான் வருகிறது என்று எப்படிச் சொல்வது? அதற்கு இரட்டையர்கள் உதவினார்கள். 2012 இல் சாமுவேல் குனா என்பவரின் தலைமையில் வெளியான ஆய்வில், அச்சு அசலாக ஒரே மரபணு கொண்ட 59 ஜோடி இரட்டையரையும், சாதாரண அண்ணன் தம்பி அக்கா தங்கை அளவுக்கே மரபணு ஒத்துப்போகும் 41 ஜோடி இரட்டையரையும் 38 மணி நேரம் தூங்காமல் வைத்து, மேலே சொன்ன அதே பட்டன் சோதனையைக் கொடுத்தார்கள். ஒரே மரபணு கொண்ட ஜோடிகளில் ஒருவர் எவ்வளவு தவறினாரோ அதற்கு நெருக்கமாக மற்றவரும் தவறினார். மற்ற ஜோடிகளில் அந்த ஒற்றுமை மிகக் குறைவு. கணக்குப் போட்டுப் பார்த்தபோது, ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் பரம்பரையால் வருவதாகக் கிடைத்தது.

இந்த எண்ணைக் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒருத்தியின் தடுமாற்றத்தில் 80 சதவீதம் மரபணு, 20 சதவீதம் சோம்பல் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒரே நிலைமையில் வைக்கப்பட்ட ஒரு கூட்டத்தில், ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள இடைவெளி எங்கிருந்து வருகிறது என்பதற்கான கணக்கு இது. ஆய்வகத்தில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே வெளிச்சம், ஒரே வேலை. நம் வார்டில் ஒருத்திக்கு வீட்டில் கைக்குழந்தை இருக்கும், இன்னொருத்தி ஹாஸ்டலில் நிம்மதியாகப் படுத்திருப்பாள். அந்த வித்தியாசங்கள் மரபணுவுக்கு மேலே வந்து சேரும்.

எந்த மரபணு என்று கேட்டால், அதிகமாக ஆராயப்பட்டவற்றில் ஒன்றைச் சொல்லலாம். பெர்-3 என்று பெயர். உடல் கடிகாரத்தை ஓட்டுகிற மரபணுக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதில், டிஎன்ஏவின் 54 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு சிலருக்கு நான்கு தடவை திரும்பத் திரும்ப வரும், சிலருக்கு ஐந்து தடவை வரும். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று வாங்குவதால், நான்கு-நான்கு, நான்கு-ஐந்து, ஐந்து-ஐந்து என்று மூன்று வகை ஆட்கள். ஐரோப்பியர்களில் ஐந்து-ஐந்து வகை ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருக்கிறது.

இங்கிலாந்தில் சரே பல்கலைக்கழகத்தின் தூக்க ஆய்வு மையத்தில் டெர்க்-யான் டைக், சைமன் ஆர்ச்சர் குழுவினர் நான்கு-நான்கு வகையில் 14 பேரையும் ஐந்து-ஐந்து வகையில் 10 பேரையும் தேர்ந்தெடுத்தார்கள். 2007 இல் வந்த ஆய்வு. ஐந்து-ஐந்து வகையினர் சீக்கிரம் தூங்கிப்போனார்கள். அவர்களுடைய தூக்கத்தில் ஆழ்ந்த தூக்கத்தின் பங்கு கூடுதல். இதுவரை நல்ல செய்திதான். பிறகு எல்லோரையும் ஒரு பகலும் ஒரு இரவும் தாண்டி விழிக்க வைத்தபோது, ஐந்து-ஐந்து வகையினரின் செயல்திறன் அதிகமாகச் சரிந்தது. அடுத்த வருடம் அதே குழு இன்னும் நுணுக்கமாகப் பார்த்தபோது, சரிவு பெரும்பாலும் விடிகாலை நேரத்தில் வந்தது. அதுவும் ஒரு தகவலை மனதில் பிடித்து வைத்துக்கொண்டே அதன்மேல் வேலை செய்ய வேண்டிய சோதனைகளில் வந்தது. பம்ப்பில் பார்த்த எண்ணைச் சார்ட்டுக்குத் திரும்புவதற்குள் தொலைத்தாளே, அது இந்த வகை வேலைதான். அவளுடைய மரபணு என்ன என்று எனக்குத் தெரியாது, அதைச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் நான் பார்த்த காட்சிக்கு மூளையில் ஒரு இடமும் பரம்பரையில் ஒரு வழியும் இருக்கிறது என்று தெரிந்தபோது, அவள்மேல் ஒட்டப்பட்ட பெயர் எவ்வளவு அநியாயம் என்று பட்டது.

இதற்கு அடுத்த கட்டம் பெல்ஜியத்தின் லீஜ் நகரத்தில் நடந்தது. ஜில் வான்டவால், பியர் மாக்கே ஆகியோர் சரே குழுவினரோடு சேர்ந்து 2009 இல் வெளியிட்ட ஆய்வு அது. இரண்டு வகையினரையும் ஸ்கேனுக்குள் படுக்க வைத்து, மூன்று இடத்துக்கு முன்பு கேட்ட எழுத்தும் இப்போது கேட்கும் எழுத்தும் ஒன்றா என்று சொல்லச் சொன்னார்கள். காலையிலும் சாயங்காலத்திலும், தூங்கிய பிறகும் தூங்காத பிறகும் இதைச் செய்தார்கள். தூங்காத இரவு முடிந்த காலையில் ஐந்து-ஐந்து வகையினரின் மூளையில் பல பகுதிகளில் வேலை மங்கியிருந்தது. நான்கு-நான்கு வகையினரிடம் நடந்தது வேறு. அவர்களுடைய மூளை, வழக்கமாக இந்த வேலைக்கு வராத பகுதிகளையும் முன்மூளையிலிருந்தும் பொட்டுப் பக்கத்திலிருந்தும் உள்ளே ஆழத்திலிருந்தும் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டது. 'தாங்குகிறவள்' என்று நாம் சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன். அவளுக்கும் தூக்கமின்மை வலிக்கிறது, ஆனால் அவள் மூளைக்குக் கூடுதல் ஆள் கிடைக்கிறது. அந்த ஆளை அவள் மன உறுதியால் கூட்டி வரவில்லை.

பெர்-3 ஐ டெஸ்ட் செய்து பார்த்துவிட்டால் லிஸ்ட் போடுவது சுலபமாகிவிடுமே என்று இதைப் படித்ததும் யாருக்காவது தோன்றலாம். அப்படிச் செய்யவே கூடாது என்பதற்கு அறிவியலே காரணம் தருகிறது. நம்னி கோயல், டிங்கஸ் ஆகியோரின் 2009 ஆய்வில், முழு இரவு விழிப்புக்குப் பதிலாக, 5 இரவுகள் தொடர்ந்து 4 மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள். அப்போது தூக்க அழுத்தத்தில் பெர்-3 வகைகளுக்குள் சின்ன வித்தியாசம் தெரிந்தது. செயல்திறனில் வித்தியாசமே தெரியவில்லை. ஒரு இரவு முழுக்கத் தாங்காத ஆள், அரைகுறைத் தூக்கத்தை மற்றவர்களைப்போலத் தாங்கலாம். தவிர, 2004 ஆய்விலேயே இன்னொரு முக்கியமான விஷயம் இருக்கிறது. தூக்கம் வருகிற உணர்வு, யோசிக்கிற திறன், கவனத்தைத் தொடர்ந்து பிடித்து வைக்கிற திறன் ஆகிய மூன்றும் தனித்தனியாகப் பிரிந்தன. ஒன்றில் தாங்குகிறவர் இன்னொன்றில் விழுந்தார். பட்டன் சோதனையில் ஜெயிக்கிறவளுக்கு மருந்தின் அளவைக் கணக்குப் போடும்போது தடுமாற்றம் வரலாம். கொட்டாவி விட்டுக்கொண்டே இருப்பவள் ஒரு மருந்தையும் தவறவிடாமல் இருக்கலாம். 'தாங்குவாள்' என்ற ஒரே வார்த்தைக்குள் இவ்வளவையும் அடைத்துத்தான் நாம் லிஸ்ட் போடுகிறோம்.

எல்லோருக்கும் தெரிந்த ஒருவர் உண்டு: "நாலு மணி நேரம் தூங்கினா போதும், ஃப்ரெஷ்ஷா இருப்பேன்" என்கிறவர். ராமாயணத்து லட்சுமணன் பதினான்கு வருடம் கண்ணை மூடவில்லை என்று கதை கேட்டு வளர்ந்த நமக்கு அவரைப் பார்த்தால் ஒரு மரியாதை. உண்மையிலேயே அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். சான்ஃபிரான்சிஸ்கோவில் யிங்-ஹுய் ஃபூ குழுவினர் 2009 இல் ஒரு தாயையும் மகளையும் பற்றி எழுதினார்கள். இருவரும் வாழ்நாள் முழுக்க ஆறேகால் மணி நேரம்தான் தூங்கினார்கள், குடும்பத்தில் மற்றவர்கள் எட்டு மணி நேரம். டெக்-2 என்ற மரபணுவில் ஒரே ஒரு மாற்றம் இருவரிடமும் இருந்தது. அதே மாற்றத்தை எலிகளில் வைத்தபோது எலிகளும் குறைவாகத் தூங்கின. 2019 இல் ஒரு தந்தையையும் மகனையும் பற்றி எழுதினார்கள்; அவர்களிடம் வேறொரு மரபணுவில் மாற்றம். அந்த மாற்றத்தை வைத்த எலிகளுக்குத் தூக்கம் கெட்டாலும் நினைவு கெடவில்லை.

இவை அபூர்வக் குடும்பங்கள். பிரிட்டனில் பொதுமக்களிடமிருந்து திரட்டிய பெரிய மரபணுத் தொகுப்பை, ஏறக்குறைய 1,90,000 பேருடையதை, 2022 இல் ஆராய்ந்தபோது, குறைதூக்கத்துக்குக் காரணம் என்று சொல்லப்பட்ட மாற்றங்கள் இருந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகத் தூங்கியதாகத் தெரியவில்லை. ஆக, ஒரு மரபணுவைப் பார்த்து ஒரு ஆளைச் சொல்லிவிட முடியாது. நான்கு மணி நேரம் போதும் என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோருக்கு அது போதவில்லை, போதாதது அவர்களுக்குத் தெரியவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

அப்படி நினைக்கக் காரணம் வான் டாங்கன், டிங்கஸ் குழுவினரின் 2003 ஆய்வு. 48 பேரை எடுத்து, சிலரை இரவுக்கு 8 மணி நேரம், சிலரை 6, சிலரை 4 என்று 14 நாள் தூங்க வைத்தார்கள். இன்னும் சிலரை 3 நாள் தூங்கவே விடவில்லை. 6 மணி நேரமோ அதற்குக் குறைவோ தூங்கியவர்களின் தடுமாற்றம் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போய், 2 இரவு வரை முழுக்கத் தூங்காதவர்களின் நிலைக்கு வந்தது. ஆனால் தூக்கமாக இருக்கிறதா என்று கேட்டால், முதல் சில நாள் ஏறிய பதில் அப்புறம் ஏறவில்லை. பழகிவிட்டது என்று நம்பினார்கள். மூளை பழகவில்லை. 'பழகிடும், எல்லாருக்கும் ஆரம்பத்துல அப்படித்தான்' என்று புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லும் வார்டு வழக்கத்தை இந்த ஆய்வைப் படித்ததற்கு அப்புறம் நான் அனுமதிப்பதில்லை.

காப்பியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதுபோல, அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் கஃபீன் போய் உட்கார்ந்துகொள்கிறது. அடினோசின் குறைவதில்லை, வெளியே நின்றுகொண்டு காத்திருக்கும். அந்த இடத்தின் அமைப்பைத் தீர்மானிக்கிற மரபணுவும் ஆளுக்கு ஆள் மாறும் என்று சூரிச்சில் ஹான்ஸ்-பீட்டர் லாண்டோல்ட் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். கல்லீரல் கஃபீனை வெளியேற்றும் வேகமும் மாறும். அதனால் ஒருத்திக்கு மூன்று மணி காப்பி கைகொடுக்கும். இன்னொருத்திக்கு விடிந்தபின் ஹாஸ்டலில் தூக்கத்தைக் கெடுக்கும், அடுத்த நைட்டுக்கு அவள் இன்னும் மோசமாக வருவாள். யாரையும் காப்பி குடி என்று கட்டாயப்படுத்தாதீர்கள்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு லிஸ்டில் என்ன மாற்றலாம்? தாங்குகிறவர்களாகப் பார்த்து நைட்டுக்குப் போடுவது பார்வைக்கு நியாயம்போல இருக்கும். நான் அதற்கு எதிரானவள். பட்டனைச் சரியாக அமுக்குகிறவளின் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வயிறும் இரவு விழிப்பைத் தாங்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. தாங்குகிறாள் என்ற ஒரே காரணத்தால் மாதம் முழுக்க அவளையே போட்டால், அவளுடைய நல்ல குணத்துக்கு நாம் கொடுக்கிற பரிசு அது. எங்கள் வார்டில் நைட் எல்லோருக்கும் சமமாகத்தான் போகிறது. மாற்றியது ஆளை அல்ல, விடிகாலை வேலையை. மூன்றிலிருந்து ஆறு மணிக்குள், கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டிய எந்த மருந்தையும் ஒருத்தி தனியாகக் கொடுப்பதில்லை. ஒருத்தி போட்ட கணக்கைப் பார்க்காமல் இன்னொருத்தி தானாக முதலிலிருந்து போட வேண்டும், பிறகு ஒத்துப் பார்க்க வேண்டும். தாங்குகிறவள், தாங்காதவள், சீனியர், ஜூனியர், எல்லோருக்கும் இதுதான் விதி. பம்ப் எண்ணை ஒருத்தி வாசிக்க இன்னொருத்தி எழுதுகிறாள். நான்கு மணிக்கு எண்ணைத் தனியாகச் சுமந்த அந்தப் பெண் தன் இரண்டு விரலால் செய்ததை இப்போது இரண்டு பேர் சேர்ந்து செய்கிறார்கள்.

குட்டித் தூக்கத்தையும் எழுத்தில் அனுமதிக்க வேண்டும் என்று கேட்டு வாங்கினோம். நீண்ட தூர விமானிகளுக்குப் பறக்கும்போதே 40 நிமிட ஓய்வு கொடுத்துப் பார்த்த நாசாவின் ஆய்வில், அவர்கள் சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள், கவனம் தெளிவாகவே கூடியது. நம் ஊரில் நைட் டூட்டியில் கண்ணை மூடினால் மெமோ. ஒளிந்து தூங்குகிறவளை யாரும் சரியான நேரத்தில் எழுப்ப முடியாது. முறைப்படி தூங்குகிறவளை எழுப்பலாம். எழுந்ததும் முதல் கால் மணி நேரம் தலை மந்தமாக இருக்கும் என்பதால் அந்த நேரத்தில் அவளுக்கு மருந்து வேலை கொடுக்காமலும் இருக்கலாம். ஷிஃப்ட் நீளமும் முக்கியம். 2004 இல் அமெரிக்க நர்ஸுகளிடம் நடந்த ஆய்வில், பன்னிரண்டரை மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்த ஷிஃப்டுகளில் தவறு நடக்கும் வாய்ப்பு மூன்று மடங்கு. மாற்று ஆள் வரவில்லை என்று நைட் முடித்தவளையே காலையிலும் நிறுத்திக்கொள்கிற வழக்கம் எத்தனை ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது என்று இதைப் படிக்கிற நர்ஸுகளுக்குத் தெரியும்.

இன்னும் கிடைக்காத ஒன்று, வீடு திரும்ப வண்டி. 1997 இல் ஆஸ்திரேலியாவில் ட்ரூ டாஸன், கேத்ரின் ரீட் இருவரும், தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று காட்டினார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட அளவு 0.03. முந்தின நாள் பகலில் குழந்தையைப் பார்த்துக்கொண்டு, படுக்காமலேயே நைட்டுக்கு வந்த ஒருத்தி காலை எட்டு மணிக்கு ஸ்கூட்டியை எடுக்கும்போது இருபத்து நான்கு மணி நேரத்தைத் தாண்டியிருப்பாள். ஹேண்டோவரில் தெளிவாகப் பேசினாள் என்பதை வைத்து அவள் ரோட்டிலும் தெளிவாக இருப்பாள் என்று யாரும் முடிவு செய்ய முடியாது. அவளாலும் முடியாது. நைட் முடிகிறவர்களுக்கு ஒரு வேன் வேண்டும் என்று எங்கள் மீட்டிங்கில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். செலவைக் காரணம் காட்டித் தள்ளி வைத்திருக்கிறார்கள். அடுத்த மீட்டிங்கில் இந்த ஆய்வுகளின் பிரதிகளோடு மறுபடி கேட்பேன். அதுவரை, நைட் முடித்த யாராவது தூக்கமாக இருக்கிறது என்று சொன்னால், வீட்டுக்கு போன் போட்டு யாரையாவது வந்து கூட்டிப் போகச் சொல்கிறோம், அல்லது ஓய்வறையில் ஒரு மணி நேரம் படுக்க வைத்து அனுப்புகிறோம். தூக்கம் இல்லை என்று சொல்கிறவர்களிடமும் ஒரு தடவை கேட்டுப் பார்க்கிறோம்.